தெரு முழுக்க ஒரே பாடம்

உன் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, நீ அப்பாவோடு தென்காசிக்குச் செருப்பு வாங்கப் போயிருக்கிறாய். வீட்டில் நான் மட்டும்தான். இதையெல்லாம் வாயால் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, தெரியும்மா" என்று போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவள் நான், பிழை இருந்தால் சிவப்பு மையால் சுழிக்காதே. அரசுப் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் டீச்சர் என்று உனக்கு ஆர்டர் வந்த அன்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் சம்பளத்தைப் பற்றியும் மாப்பிள்ளையைப் பற்றியும் பேசினார்கள். நான் அடுப்படியில் நின்று அழுதேன். சந்தோஷம் என்று நீ நினைத்துக்கொண்டாய். சந்தோஷம்தான். ஆனால் அதற்குள் நீ எட்டாம் வகுப்பு படித்த வருஷம் முழுக்க இருந்தது. அதில் பாதி உனக்குத் தெரியும். மறுபாதி பெரியவர்கள் பக்கம் நடந்தது. ஊர் பேர் தெரியாத ஒரு வடக்கத்தி மாவட்டத்தில் யார் யார் பிள்ளைகளுக்கோ பாடம் சொல்லப் போகிற நீ, அதையும் தெரிந்துகொண்டு போனால் நல்லது.

அப்பா தென்னை மரத்திலிருந்து விழுந்து தென்காசி பெரியாஸ்பத்திரியில் கிடந்தது உனக்கு நினைவிருக்கும். பக்கத்துக் கட்டிலில் மகனைப் போட்டிருந்த ஒரு அம்மா தினமும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணுவாள். அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. அப்பாவின் இடுப்பு எலும்பு எடுக்க வேண்டிய நாளை எடுத்துக்கொண்டுதான் கூடியது. ஆனால் எனக்குள் ராப்பகலாக உதறிக்கொண்டிருந்த பயம் அடங்கியது. அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் அச்சன்புதூர் ரோட்டில் இருந்த அந்தச் சின்ன ஜெபவீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போக ஆரம்பித்தேன். யாரும் சொல்லாமல் நானாகவே பொட்டை எடுத்தேன். அப்பாவிடம் சொன்னபோது அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, "உனக்கு நிம்மதின்னா போ. என்னைக் கூப்பிடாத. எனக்கு சாஸ்தா இருக்காரு" என்றார். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரே அடுப்பில் அவர் பங்குனி உத்திரத்துக்குப் பொங்கல் வைப்பார், நான் கிறிஸ்துமஸுக்குக் கேக் செய்யத் தெரியாமல் அதிரசம் சுடுவேன். இரண்டையும் நீதான் முதலில் தின்றாய்.

தெரு அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. இன்று ஒரு வீடு போனால் நாளைக்குத் தெருவே போய்விடும் என்று பேச்சு கிளம்பியது. ஊர்த்தலைவர் அண்ணாச்சி கூட்டம் போட்டு, பெண்டாட்டியைத் திருப்பிக் கூட்டி வா என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா, "அவளை நான் என்ன கயித்துலயா கட்டி வச்சிருக்கேன், அவுத்துட்டு வர?" என்று கேட்டுவிட்டு ஊன்றுகோலோடு எழுந்து வந்தார். அன்றையிலிருந்து நம் வீட்டோடு யாரும் பேசக்கூடாது, நல்லது கெட்டதுக்கு அழைக்கக்கூடாது என்று தீர்மானம். கடையில் நான் போய் நின்றால் கடைக்காரர் கல்லாவைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அண்ணாச்சியின் மனைவி பேச்சி மதினி, நான் உன்னைச் சுமந்தபோது எனக்கு நெல்லிக்காய் கொண்டுவந்து கொடுத்தவள், என்னைக் கண்டதும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்து நடந்தாள். அவள் மகள் மாரிச்செல்வி உன் வகுப்பு. உன்னோடு ஒட்டிக்கொண்டே திரிந்த பிள்ளை. அவளும் வரவில்லை. நீ சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து ஒற்றையாகச் சொட்டாங்கல் ஆடுவாய். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, உன் டி.சி.யை வாங்கிவிடலாம் என்று பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தூரத்தில் ஏதாவது ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் உன்னைச் சேர்த்துவிட்டால் நீயாவது நிம்மதியாக இருப்பாய் என்று நினைத்தேன். இது உனக்குத் தெரியாது. தலைமை ஆசிரியை, நாம் பெரிய டீச்சர் என்று சொல்வோமே, அவர்கள் அறையில் என்னை உட்காரச் சொன்னார்கள். மேலகரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். கார்த்திகை மாசம். விடியுமுன்னே குற்றாலநாதரைக் கும்பிட்டுவிட்டு, ஈரத்தலையை முடிச்சுப் போட்டுக்கொண்டு, நெற்றியில் திருநீறும் குங்குமமுமாக வந்திருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. இவர்கள் எங்கே என் பேச்சைக் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி ஆட்களோடு உள்ளே வந்துவிட்டார். நான் எழுந்தேன். டீச்சர் கையால் அமர்த்தி, "நீங்க உக்காருங்கம்மா" என்றார்கள்.

அண்ணாச்சி மரியாதையாகத்தான் பேசினார். "டீச்சர், இவுக மகளைத் தனியா உக்கார வைங்க. சத்துணவும் தனியா போடட்டும். எங்க பிள்ளையள் அவகூடச் சேர்ந்து கெட்டுப் போவக்கூடாது பாருங்க."

"அது முடியாது அண்ணாச்சி."

"நீங்களும் சாமி கும்பிடுதவுகதான. இன்னைக்குக் காலைல கூட உங்களைக் கோயில்ல பாத்தேன்."

"கும்பிடுதேன். உசுரு இருக்க வரைக்கும் கும்பிடுவேன். ஆனா இந்த நாற்காலில உக்காந்துட்டா நான் அரசாங்கம். அரசாங்கத்துக்கு ஏது நெத்தி, பொட்டு வைக்க?"

"அப்ப எங்க பிள்ளையளை அனுப்ப மாட்டோம்" என்றார் அண்ணாச்சி. "அனுப்புங்கன்னு கும்பிட்டுக் கேட்டுக்கிடுதேன். அனுப்பலன்னாலும் பள்ளிக்கூடம் நடக்கும்" என்றார்கள் டீச்சர். அண்ணாச்சியும் ஆட்களும் போன பிறகு டீச்சர் மேசையில் இருந்த சாக்பீஸ் டப்பாவைத் திறந்து திறந்து மூடினார்கள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க எதுக்கும்மா வந்தீங்க?" என்றார்கள். டி.சி. என்றேன். "தாரேன். அது உங்க உரிமை. பயந்துபோய்க் கேக்கீங்கன்னா மட்டும் வேண்டாம்." டி.சி. வாங்காமலே எழுந்து வந்துவிட்டேன். நீ அப்போது மாடி வகுப்பில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருப்பாய்.

அடுத்து நடந்ததைக் கேள். டீச்சர் நம் பக்கம் என்று நான் ஜெபவீட்டில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சந்தோஷமாகச் சாட்சி சொல்லிவிட்டேன். வாசுதேவநல்லூரிலிருந்து வருகிற நம் பாஸ்டர் சாதுவான மனுஷன். அவர் உற்சாகமாகி, சின்னச் சின்ன வேதப்புத்தகங்களை ஒரு பெட்டியில் எடுத்துக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பிள்ளைகளுக்காக ஒரு சின்ன ஜெபம், ஆளுக்கு ஒரு புத்தகம், அவ்வளவுதான் கேட்டார். டீச்சர் டீ வரவழைத்துக் கொடுத்தார்கள். அவர் குடித்து முடிக்கும் வரை குடும்பம், ஊர் எல்லாம் விசாரித்தார்கள். பிறகு, "அவுங்க வந்து என் பிள்ளையளைப் பிரிச்சு உக்கார வைக்கச் சொன்னாங்க. நீங்க வந்து உங்க பக்கம் சேத்துக்கிடப் பாக்கீங்க. ரெண்டுக்குமே இங்கன இடமில்ல ஐயா. கோவிச்சுக்கிடாதீங்க" என்றார்கள். எனக்குக் கோபம் பொங்கியது. வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். ராத்திரிச் சோறு போடும்போதுதான் எனக்கு உறைத்தது. பாஸ்டரை உள்ளே விட்டிருந்தால் மறுவாரம் அண்ணாச்சி பெட்டியோடு வந்து நிற்பார். அவர் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல என் மகளுக்கு வழியே இருந்திருக்காது. நமக்கு அடைத்த கதவுதான் நம்மைக் காப்பாற்றிய கதவு என்று புரிந்தது.

அண்ணாச்சி சொன்னபடியே நம் தெருப் பிள்ளைகள் நின்றுபோனார்கள். மற்றத் தெருவிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் வருகிற பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் நடந்தது. உன் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. நம்மால் அல்லவா இந்தப் பிள்ளைகள் படிப்பு கெடுகிறது என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. டீச்சர் போலீஸுக்குப் போகவில்லை, பேப்பருக்குச் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் ஆசிரியர்களை அழைத்துக்கொண்டு நம் தெருவில் வீடு வீடாக ஏறினார்கள். யாரையும் திட்டவில்லை. "அரைப் பரீட்சை வருது. இதெல்லாம் பாடம், படிச்சுட்டு வரச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார்கள். அண்ணாச்சி வீட்டிலும் ஏறினார்கள். சமூக அறிவியலுக்கு எந்தப் பாடம் முக்கியம் என்று பேச்சி மதினி கேட்டாளாம்.

அந்த வருஷம் முதல் பரீட்சையே சமூக அறிவியல்தான். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் நான் பால் வாங்கிக்கொண்டு தெருவில் வந்தேன். மழை விட்டு, மேற்கே மலை கழுவிவிட்ட மாதிரி நின்றது. வழக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்துவிடுவேன். அன்று முதல் வீட்டைத் தாண்டும்போது உன் வகுப்புப் பையன் ஒருவன் சத்தம் போட்டுப் படிப்பது காதில் விழுந்தது. நம் பிள்ளைகள் பாடம் படித்தால் தெருக்கோடிக்குக் கேட்குமே, அப்படி. இந்த நாட்டில் ஒருவர் தமக்குப் பிடித்த மதத்தைப் பின்பற்றலாம் என்று படித்தான். அடுத்த வீட்டில் ஒரு பிள்ளை, அரசுக்கு என்று ஒரு மதம் கிடையாது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த வீட்டிலும் அதே பாடம். என்னோடு பேசக்கூடாது என்று தீர்மானம் போட்ட வீடுகள். உள்ளே விளக்கெரிகிறது, சாம்பிராணி வாசம் வருகிறது, அப்பன்மார் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்கள், பிள்ளைகள் எனக்காக யாரோ எழுதி வைத்த மாதிரியான வரிகளை ராகம் போட்டு மனப்பாடம் பண்ணுகின்றன. ஒரு வீட்டில் பையன் தப்பாகச் சொன்னபோது, அவன் அப்பனே, கூட்டத்தில் என்னைப் பற்றி ரொம்பக் கேவலமாகப் பேசியவர், "ஏலே, அப்படி இல்லலே, எல்லா மதமும் சமம்னு போட்டிருக்கு, சரியாப் படி" என்று திருத்தினார்.

கையில் பால் செம்போடு நான் தெரு நடுவில் நின்றுவிட்டேன். யார் எழுதிய புத்தகம் இது? எங்கோ சென்னையில் அச்சடித்து, லாரியில் ஏற்றி, காசு வாங்காமல் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கொண்டு போய் வைத்திருக்கிறார்கள். நான் வாசல்படி மிதிக்க முடியாத வீட்டுக்குள்ளே எல்லாம் எனக்கு முன்னால் அது போய் உட்கார்ந்திருக்கிறது. ஜெபவீட்டில் கண்ணீர் விட்டிருக்கிறேன், ஆஸ்பத்திரியில் அழுதிருக்கிறேன். அன்று அந்தத் தெருவில் எனக்கு வந்தது வேறு. பெரிய அருவிக்குப் பக்கத்தில் போய் நின்றால் பேச்சு வராமல் நெஞ்சு மட்டும் அதிருமே, அந்த மாதிரி. வீட்டுக்கு வந்தால் நீயும் காலை நீட்டி உட்கார்ந்து அதையே கத்திக்கொண்டிருந்தாய். "என்னம்மா, பாலைக் கொட்டிட்டியா, இப்படி நிக்க?" என்று கேட்டாய்.

மறுநாள் காலை உன்னைக் கொண்டு விட வந்தேன். எவ்வளவு பிள்ளை வரும் என்று தெரியாது. டீச்சர் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். அப்போது நம் தெருப் பக்கமிருந்து பேச்சி மதினி மாரிச்செல்வியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, நடுரோட்டில், எல்லாரும் பார்க்க வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சில அம்மாமார்கள், கொஞ்சம் விலகி, அவளைப் பார்த்துக்கொண்டே. டீச்சரிடம் வந்து, "அவுக வேண்டாம்னுதான் சொன்னாக. நான் அஞ்சாப்போட நின்னவ டீச்சர். எம் பிள்ளை படிக்கணும். அவ பக்கத்துல யாரு உக்காந்தா எனக்கென்ன" என்றாள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். பல மாசத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "உம் மக எங்கன இருக்கா? அந்தப் பாடத்துல ரெண்டாவது கேள்வி புரியலன்னு இவ விடியக்காலத்துல இருந்து கெடந்து துடிக்கா. கேட்டுக்கிடட்டும்."

நீங்கள் இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டிப் படியில் உட்கார்ந்தீர்கள். நான் தள்ளி நின்று கேட்டேன். நீ விரலை நீட்டி நீட்டி, டீச்சராகவே ஆகிவிட்ட மாதிரி விளக்கினாய். "ஒரு ஆளு எந்தச் சாமியையும் கும்பிடலாம். பிடிக்கலன்னா மாறிக்கிடலாம். கும்பிடாமலும் இருக்கலாம்."

"கும்பிடாமலுமா?"

"ஆமாட்டி. அதையும் எழுது. அதுக்கும் மார்க் உண்டு."

மாரிச்செல்வி சிரித்தாள். மணி அடித்தது. இருவரும் ஓடினீர்கள். பேச்சி மதினியும் நானும் கேட்டுக்கு வெளியே நின்றோம். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மெலிஞ்சு போயிட்டியேட்டி" என்றாள். தெருக்கூட்டம் போட்ட தீர்மானத்தை அதற்குப் பிறகு எந்தக் கூட்டமும் ரத்து செய்யவில்லை. அது தானாகவே உளுத்துப் போனது. அண்ணாச்சி என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அப்பாவோடு வயக்காட்டில் பேச ஆரம்பித்தார், அவ்வளவுதான். இன்றைக்கும் நம்மோடு பேசாத வீடு உண்டு. அதை மறைத்து உனக்குக் கதை சொல்ல மாட்டேன்.

இனி, உனக்குத் தெரியவே தெரியாத ஒன்று. பத்தாம் வகுப்பு முடித்த லீவில் நீ எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, இனிமேல் ஜெபவீட்டுக்கும் வர மாட்டேன், சாஸ்தா கோயிலுக்கும் வர மாட்டேன் என்றாய். "எனக்கு இன்னும் ஒண்ணும் புரியல. புரியுறப்ப வாரேன், இல்லன்னா வரல" என்றாய். அப்பா தலையாட்டிவிட்டு வெற்றிலையைத் தேடினார். இதற்காகவா இவ்வளவு பட்டேன் என்று எனக்கு இருந்தது. அந்த வருஷம் சீசனுக்கு ஐந்தருவிப் பக்கம் நாங்கள் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்றோமே, அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் குளித்துவிட்டுத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. பழத்தைப் பொறுக்கி வைத்துக்கொண்டே, "நீங்க சொன்னா அவ கேப்பா டீச்சர். ஜெபத்துக்குப் போகச் சொல்லுங்க" என்றேன்.

டீச்சர் குடையை மடக்கி என் கடைப் படுதாவுக்கு அடியில் வந்து நின்றார்கள். "ஊரே எதிர்த்து நின்னப்ப நான் யாரு பக்கம் நின்னேன்னு நெனைக்கீங்க?"

"எங்க பக்கம்தான் டீச்சர்."

"இல்லம்மா. உங்க மக பக்கம். இன்னைக்கும் அங்கதான் நிக்கேன்."

சொல்லிவிட்டு ஒரு மங்குஸ்தானை அமுக்கி உடைத்து, பாதியை எனக்கு நீட்டினார்கள். அதை வாயில் போட்டுக்கொண்டு அவர்கள் நெற்றியையே பார்த்தேன். குளித்து வந்து புதிதாகப் பூசிய திருநீறு சாரலில் நனையத் தொடங்கியிருந்தது. தன் சாமியை இவ்வளவு ஆசையாக நெஞ்சில் வைத்திருக்கிற மனுஷி, ஒரு சின்னப் பிள்ளையின் மேல் கூட அதைச் சாய்க்காமல் இத்தனை வருஷம் நின்றிருக்கிறாள். என்னால் ஒரு நாள் நிற்க முடியவில்லை, பெற்ற மகளிடமே. அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்டதில்லை. நீ கவனித்தாயோ என்னவோ.

இப்போது நீ அந்த நாற்காலிக்குப் போகிறாய். உன் வகுப்பில் எந்தப் பிள்ளையையும் எழுப்பி நிறுத்தி, நீ எந்தச் சாமி என்று எல்லார் முன்னாலும் கேட்காதே. சரஸ்வதி பூஜைக்குப் பொரியும் கடலையும் வந்தால், கை நீட்டாத பிள்ளையை உற்றுப் பார்க்காதே. நோன்பு இருக்கிற பிள்ளை மத்தியானம் சோர்ந்து தலையைச் சாய்த்தால் அதட்டாதே. இதெல்லாம் நீ செய்வாய், எனக்குச் சந்தேகமில்லை. சொல்ல நினைத்தது இன்னொன்று. உனக்கு நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். அந்த இல்லாமையையும் பிள்ளைகள் மேல் சாய்க்காதே. ஒரு சின்னப் பெண் பரீட்சைக்கு முன் கண்ணை மூடி உதட்டை அசைத்தால், அவள் முடிக்கும் வரை வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நில். புத்தகத்தில் இருப்பதை மட்டும் தெளிவாக நடத்து. நீ நடத்துவது அன்று சாயங்காலம் எந்தெந்த வீட்டுக்குள் போய்ச் சத்தமாகக் கேட்கும், எவளுடைய காதில் விழும் என்று உனக்குத் தெரியவே தெரியாது.

வண்டிச் சத்தம் கேட்கிறது, நீங்கள் வந்துவிட்டீர்கள் போல. நாளைக்கு நீ கிளம்பும்போது அப்பா வாசலில் சூடம் கொளுத்தித் தேங்காய் உடைப்பார். நான் உள்ளறையில் முழங்காலில் இருப்பேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது. நீ எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரிப்பாய். சிரித்துக்கொள். பஸ்ஸை மட்டும் விட்டுவிடாதே.